ஒன்பது வருஷத் தவணை

இந்த வருஷம் முழுக்க ஊரில்தான் இருக்கிறேன். நானாக எடுத்த லீவு இல்லை, சட்டம் கொடுத்தது. கேமன் தீவில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டுக்காரன் ஒன்பது வருஷம் முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டும். குறைந்தது ஒரு வருஷம் வெளியே இருந்துவிட்டுத்தான் மறுபடி பெர்மிட் கேட்கலாம். ‘ரோல்-ஓவர்’ என்பார்கள். நான் அங்கே வக்கீலாகப் போனது 2016-ல். எட்டு வருஷம் ஆனதும் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. நான் விண்ணப்பிக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, திருச்செங்கோட்டில் அப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஈரோடு, கோவை, நாமக்கல் கோர்ட்டுகளில் ஜூனியராக இருக்கும் தம்பி தங்கைகள் “அண்ணா, நாங்களும் அப்படிப் போலாமுங்களா?” என்று கேட்கிறார்கள். ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) கேட்பது வேறு: “கறுப்புப் பணத்தை ஒளிச்சு வெக்கற ஊருதானுங்க அது?” இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. கியூபாவுக்குத் தெற்கே, ஜமைக்காவுக்கு வடமேற்கே மூன்று தீவுகள். கிராண்ட் கேமன், கேமன் பிராக், லிட்டில் கேமன். பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப் பகுதி. 2021 கணக்கெடுப்பில் மொத்த ஜனம் சுமார் 71,000. அதில் பாதிக்குப் பாதி வெளியூர்க்காரர்கள். 1960-கள் வரை அங்கே இருந்தது ஆமை பிடிப்பதும், பனை ஓலையில் கயிறு திரிப்பதும், கப்பலில் மாலுமி வேலைக்குப் போவதும்தான். கொசு மூக்கை அடைத்து மாடுகள் மூச்சுமுட்டிச் செத்த கதையை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். 1962-ல் ஜமைக்கா சுதந்திரம் வாங்கியபோது இவர்கள் பிரிட்டனோடே இருந்துகொண்டார்கள். 1965-ல் கொசு ஒழிப்புக்கென்று தனித் துறை வைத்தார்கள். 1966-ல் வங்கி, டிரஸ்ட் கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டார்கள். இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கொசு போகாத ஊருக்கு எந்த பேங்கரும் கோட்டு போட்டுக்கொண்டு வரமாட்டான்.

வருமான வரி அங்கே எப்போதுமே கிடையாது. அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். 1794-ல் பத்துக் கப்பல்கள் பவளப்பாறையில் மோதி உடைந்தன, தீவுக்காரர்கள் மாலுமிகளைக் காப்பாற்றினார்கள், அந்த நன்றிக்கு இங்கிலாந்து ராஜா வரியைத் தள்ளுபடி செய்தார் என்று. கப்பல் உடைந்தது நிஜம். ராஜா தள்ளுபடி செய்ததற்குத்தான் ஒரு காகிதமும் இல்லை.

நான் போன வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவை அரசு சட்டக் கல்லூரி. பிறகு ஈரோட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியர். கிடைத்ததெல்லாம் செக் பவுன்ஸ் வழக்கு, நம்ம பக்கத்தில் வேறென்ன கிடைக்கும். பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதற்கப்புறம் ஒரு மாசத்துக்குள் புகார். ஒரு நாள் தவறினால் பார்ட்டி சீனியரைப் பிடிப்பார், சீனியர் என்னைப் பிடிப்பார். அங்கிருந்து மும்பையில் ஒரு பெரிய ஃபர்ம், பிறகு சிங்கப்பூர். நடுவில் இங்கிலாந்து சாலிசிட்டர் பரீட்சை. சிங்கப்பூரில் இருக்கும்போது லண்டன் ஏஜென்ட் ஒருவர் மூலமாக கேமன் வேலை வந்தது.

அங்கே வக்கீலாகச் சேரும்போது கிராண்ட் கோர்ட் நீதிபதி முன்னால் நம்மை நிறுத்தி, நம் சீனியர் நம்மைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். எங்கே பிறந்தான், எங்கே படித்தான் என்று. என் சீனியர் ஐரிஷ்காரர். திருச்செங்கோட்டை அவர் மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார். நீதிபதி சிரிக்காமல் எழுத்துக் கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

இனி வேலை. என்ன வேலை பார்த்தேன் என்பதை அப்பாவுக்குப் புரிய வைத்த கதையைச் சொன்னாலே போதும். எனக்கே அது அன்றைக்குத்தான் முழுசாகத் தெளிந்தது.

அப்பா பைனான்ஸ்காரர். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்கும் லாரிக்கும் கடன் கொடுக்கிற பார்ட்னர்ஷிப்புகளில் பல வருஷம் ஒர்க்கிங் பார்ட்னராக இருந்தவர். இன்றைக்கும் ஒன்றில் பங்கு இருக்கிறது. நம்ம பக்கத்து பைனான்ஸ் எப்படி என்று தெரியாதவர்களுக்கு: பங்காளி, மச்சான், ஸ்கூலில் கூடப் படித்தவன் என்று பத்துப் பதினைந்து பேர் பணம் போடுவார்கள். ஒருவர் இருவர் கணக்கு பார்த்து வசூலுக்குப் போவார்கள். மற்றவர்கள் ஸ்லீப்பிங் பார்ட்னர். ஐந்து வருஷம் என்று பேசி ஆரம்பித்து, தவணை முடிந்ததும் கணக்கை முடித்து, பங்கைப் பிரித்துக்கொண்டு, பிடித்தவர்கள் மட்டும் புதுப் பேரில் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

ஒருநாள் பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து, “அங்க நீ என்னதாங் கண்ணு பண்ணுன?” என்றார்.

“நீங்க பண்ணுனதுதானுங்கப்பா. அங்க அதுக்கு லிமிடெட் பார்ட்னர்ஷிப்புனு பேரு.”

“பணம் போடறது யாரு?”

“அமெரிக்காவுல வாத்தியாருங்க பென்ஷன் ஃபண்டு, ஜப்பான்ல இன்சூரன்ஸ் கம்பெனி, வளைகுடா நாட்டு அரசாங்கம், அந்த மாதிரி. ஓட்டறது நியூயார்க்ல ஒரு மேனேஜர். பத்து வருஷத் தவணை. முடிஞ்சா பிரிச்சுக்குவாங்க, இல்லீன்னா ஒண்ணு ரெண்டு வருஷம் நீட்டுவாங்க.”

“அப்ப பணம் போட்டவன் ஸ்லீப்பிங் பார்ட்னர். நஷ்டம் வந்தா?”

இந்த இடம்தான் முக்கியம். நம்ம 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, எல்லாப் பங்குதாரரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுக் கடனுக்கும் பொறுப்பு என்கிறது. தூங்குகிற பார்ட்னராக இருந்தாலும் வீடு ஜப்திக்கு வரும். எங்கள் வீதிக்கு இரண்டு வீதி தள்ளி ஒரு குடும்பம் அப்படி வீட்டை விட்டுவிட்டுப் போனது அப்பாவுக்குத் தெரியும். அந்த பைனான்ஸ் ஆபீஸ் எந்தத் தெருவில் இருந்தது என்று கூட அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. மச்சான் சொன்னான் என்று கையெழுத்துப் போட்டவர்.

கேமன் சட்டத்தில் லிமிடெட் பார்ட்னர் போட்ட பணமும், போடுகிறேன் என்று எழுதிக்கொடுத்த பணமும்தான் போகும். வீடு வாசலைத் தொட முடியாது. ஒரே நிபந்தனை, நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. ஆலோசனை சொல்லலாம், ஓட்டுப் போடலாம், கமிட்டியில் உட்காரலாம். இதெல்லாம் தலையீடு ஆகாது என்று சட்டமே பட்டியல் போட்டுச் சொல்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “செரி, ஓட்டறவன் தலையிலயாவது விழுமில்ல?”

“விழுமுங்கப்பா. ஜெனரல் பார்ட்னருக்கு முழுப் பொறுப்பு. ஆனா அந்த ஜெனரல் பார்ட்னரே ஒரு கம்பெனியா இருப்பாங்க.”

“கம்பெனிக்கு மொதலு?”

“அது பேருக்குத்தானுங்க இருக்கும்.”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். “அப்பக் கடைசீல யாருமே இல்லீங்கற.”

இதை மும்பையிலும் சிங்கப்பூரிலும் நாலு பவர்பாயின்ட் போட்டு எனக்கு விளக்கியிருக்கிறார்கள். இத்தனை சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை. அவரிடம் நான் சொன்ன பதில்: “அதனாலதானுங்க கடன் குடுக்கற பேங்கு வக்கீல வெச்சு நூத்துக்கணக்கான பக்கம் எழுதுது. அந்தப் பக்கம்தான் எனக்குச் சோறு.”

நான் பார்த்தது இந்த மாதிரிப் பார்ட்னர்ஷிப்புகளுக்கு, அதாவது ஃபண்டுகளுக்கு, பேங்க் கொடுக்கும் கடன். முதலீட்டாளர்கள் ‘கேட்டால் தருகிறேன்’ என்று எழுதிக்கொடுத்த பணம் இருக்கிறதே, இன்னும் கைக்கு வராதது, அதைக் கூப்பிடுகிற உரிமையைத்தான் பேங்குக்கு ஈடாக வைப்பார்கள். ஒரே உரிமையை இரண்டு பேங்குக்கு ஈடு வைத்தால் யாருக்கு முன்னுரிமை? 1828-ல் இங்கிலாந்தில் டியர்ல் எதிர் ஹால் என்ற வழக்கில் சொன்னதுதான் அங்கே இன்றைக்கும் அடிப்படை. பணம் தர வேண்டியவருக்கு யாருடைய நோட்டீஸ் முதலில் போய்ச் சேர்ந்ததோ அவருக்கே முதல் உரிமை. அதனால் கடன் பத்திரம் கையெழுத்தாகும் ராத்திரியில் எனக்கு முக்கியமான வேலை கையெழுத்து இல்லை. எல்லோருடைய கையெழுத்துப் பக்கங்களும் முன்கூட்டியே மெயிலில் வந்து காத்திருக்கும். நியூயார்க் வக்கீல் ‘ரிலீஸ்’ என்று ஒரு வரி அனுப்புவார். அந்த நிமிஷமே முதலீட்டாளர்கள் எல்லோருக்கும் நோட்டீஸ் கிளம்ப வேண்டும். அது எத்தனை மணிக்குப் போனது என்பதற்குச் சாட்சியம் எடுத்து ஃபைலில் வைக்க வேண்டும். ஒருவருடைய மெயில் திரும்பி வந்துவிட்டால் அந்த முகவரியைத் தேடிப் பிடித்து மறுபடி அனுப்பும்வரை வீட்டுக்குப் போக முடியாது. ஈரோட்டில் படித்த பாடத்தில் அங்கே அப்படியே செலாவணி ஆனது நோட்டீஸ் தேதிப் பயம் ஒன்றுதான்.

இயக்குநர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லித்தரும் வழக்குகளில் ஒன்று வீவரிங் ஃபண்டு. மேனேஜர் தன் தம்பியையும் மாற்றாந்தகப்பனாரையும் டைரக்டராகப் போட்டிருந்தார். அவர்கள் வருஷக்கணக்கில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2008-ல் பார்த்தால் ஃபண்டின் சொத்தில் பெரும்பகுதி மேனேஜருடைய சொந்தக் கம்பெனியோடு போட்ட வெற்று ஒப்பந்தம். 2011-ல் கிராண்ட் கோர்ட் அந்த இரண்டு டைரக்டர்களும் 11.1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2015-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. வேண்டுமென்றே கடமையைக் கைவிட்டார்கள் என்று நிரூபிக்கவில்லை என்பது காரணம். ஆனால் முதல் தீர்ப்பு போட்ட பயத்தில் சொந்தக்காரரை டைரக்டராகப் போடுகிற பழக்கம் வெகுவாகக் குறைந்து, அதையே தொழிலாகச் செய்யும் டைரக்டர்கள் பெருகிவிட்டார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குத் தீர்ப்பு மேல் அக்கறையே வரவில்லை. “தம்பியப் போடாம வேற யாரப் போடுவாங்க?” என்றார்.

சரி, கறுப்புப் பணம். தலைநகர் ஜார்ஜ் டவுனில் அக்லண்ட் ஹவுஸ் என்று ஐந்து மாடிக் கட்டடம் இருக்கிறது. 2008-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் எண்ணிப் பார்த்தபோது அந்த ஒரே விலாசத்தில் 18,857 நிறுவனங்கள். ஒபாமாவே அதை மேடையில் சொல்லிக் கிண்டல் செய்தார். உள்ளே போனால் ஒரு சாதாரண வக்கீல் ஆபீஸ்தான். பதிவு அலுவலகம் என்றால் நோட்டீஸ் கொண்டுவந்து சேர்க்க ஒரு விலாசம், சில ரிஜிஸ்தர்கள், அவ்வளவே. அலிபாபா, டென்சென்ட் இரண்டுமே சட்டப்படி கேமன் கம்பெனிகள். ஒரு சீனன் கூட அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை.

பல நாட்டுக்காரர்கள் பணத்தை ஒரே பாத்திரத்தில் போடும்போது நடுவில் ஒரு நாடு வரி போட்டால் யாரும் வரமாட்டார்கள், அவரவர் ஊரில் அவரவர் வரி கட்டிக்கொள்ளட்டும் என்பது அந்தத் தீவின் வாதம். அதோடு இங்கிலாந்து பாணிச் சட்டம், கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு. பேங்குகளுக்கு இது பிடிக்கும். இந்த வாதத்தில் முக்கால்வாசியை நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிக் காலில், பெரிய கம்பெனிகள் லாபத்தைக் காகிதத்தில் நகர்த்தி, சம்பாதித்த நாட்டுக்குச் சேர வேண்டிய வரியைக் குறைத்துக்கொள்வதும் நடக்கிறது. அது குற்றமில்லை என்று வக்கீலாகச் சொல்வேன். சரி என்று சொல்லமாட்டேன். அதில் என் சம்பளமும் அடக்கம்.

ஆனால் நம் சொந்தக்காரர்கள் நினைக்கிற ஒளிச்சு வைக்கிற கதை பழசு. இந்தியாவுக்கும் கேமனுக்கும் 2011-லேயே வரித் தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் ஆகிவிட்டது. 2017-லிருந்து வெளிநாட்டுக்காரர்களின் கணக்கு விவரம் தானாகவே அவரவர் நாட்டு வருமான வரித் துறைக்குப் போகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து 2023 அக்டோபர் வரை கறுப்புப் பணப் புழக்கத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்.-இன் கண்காணிப்புப் பட்டியலில் தீவு மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கே.ஒய்.சி. கேட்டே வாடிக்கையாளர்களைக் கொன்றோம்.

எனக்கே அந்த அனுபவம் உண்டு. போன புதிதில் சம்பளக் கணக்கு தொடங்க அங்கத்திய பேங்கில் சொந்த ஊர் விலாசச் சான்று கேட்டார்கள். ஈ.பி. பில்லைக் கொடுத்தேன். எங்கள் வீட்டு ஈ.பி. இன்றைக்கும் அப்பாரு (தாத்தா) பேரில் இருக்கிறது. அப்பாரு காலமாகிப் பல காலம். “இவர் யார், உங்களுக்கு என்ன உறவு, இவருடைய பாஸ்போர்ட் நகல் எங்கே” என்று கேட்டார் கவுன்டரில் இருந்த அம்மா. செத்தவர் பேரில் எப்படி கரன்ட் ஓடுகிறது என்று அவருக்கு விளக்க என் சட்டப் படிப்பு போதவில்லை. உலகத்தின் ரகசியப் பெட்டகத்தில் கணக்குத் தொடங்க எனக்கு ஆன காலத்தில் திருச்செங்கோட்டில் ஒரு பைனான்ஸே தொடங்கியிருக்கலாம்.

வரி இல்லாத ஊர் என்றால் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது. அரசாங்கம் பிறகு எதில் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இறக்குமதித் தீர்வை பொதுவாக 22 சதவீதம். அரிசி, பருப்பு, சோப்பு, செருப்பு, கார், கதவுத் தாழ்ப்பாள், பெரும்பாலும் எல்லாமே ஃப்ளோரிடாவிலிருந்து கப்பலில் வருகிறது. வீட்டு வாடகையைச் சொன்னால் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். கடையில் ஒட்டியிருக்கும் விலை கேமன் டாலரில் இருக்கும். ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்று நிரந்தரமாக நிர்ணயித்திருக்கிறார்கள். அதைப் பெருக்க மறந்து வாங்கிவிட்டு வீட்டில் வந்து முழிக்காத புது ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். சனிக்கிழமை தக்காளி வாங்க மறந்தால் திங்கள் வரை புளிதான்.

அடுத்து, பெர்மிட். அது முதலாளியோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் தீவையும் விட வேண்டியதுதான். புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும், இந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் கிடைக்கிறாரா என்று கம்பெனி விளம்பரம் செய்தாக வேண்டும். முன்பு பேப்பரில் போடுவார்கள், இப்போது அரசு வேலை இணையதளத்தில். என் நாற்காலி, என் அனுபவ வருஷம், என் சம்பளம் எல்லாம் போட்டு, ‘இந்தப் பணியில் தற்போது பெர்மிட்தாரர் ஒருவர் உள்ளார்’ என்று கீழே ஒரு வரி. முதல் தடவை அதைப் படம் பிடித்து வேடிக்கையாக வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா உடனே கூப்பிட்டுவிட்டார்: “ஏங்கண்ணு, தூக்கிப்போட்டாங்களா? பொட்டியக் கட்டிட்டு வந்துரு, இங்க பாத்துக்கலாம்.”

அதில் எனக்குக் கோபம் கிடையாது. சின்ன ஊர், வெளியாட்கள் பாதி, சொந்தப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பள்ளிபாளையம் தறிப் பட்டறையிலும் ஒடிசாக்காரரையும் பீகார்க்காரரையும் பற்றி நாம் பேசுகிற பேச்சை நினைத்துப் பார்த்தால், அங்கே அவர்கள் என்னிடம் காட்டிய மரியாதை அதிகம். அங்கே நான்தான் வடக்கத்தியான். ஏ.சி. ரூமில் உட்கார்ந்த வடக்கத்தியான்.

மனைவி பல் டாக்டர். இங்கத்திய பட்டத்தை வைத்து அங்கே பதிவு கிடைக்கவில்லை. டிபென்டென்ட்டாக வந்தவர் பெர்மிட் இல்லாமல் எந்த வேலையும் பார்க்க முடியாது. போன முதல் வருஷம் கடற்கரை, இரண்டாம் வருஷம் கடற்கரை. “ஏனுங்க, இந்தக் கடலையே இன்னும் எத்தனை நாளைக்குப் பாத்துட்டு இருக்கறது?” என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மகள் பிறந்தது ஜார்ஜ் டவுனில். ஆனால் பெர்மிட்காரன் பிள்ளைக்கு அங்கே பிறந்த உரிமை கிடையாது, இந்திய பாஸ்போர்ட்தான். நிரந்தரமாகத் தங்கப் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வேலை, சம்பளம், உள்ளூரில் சொத்து, சமூக சேவை, தீவின் சரித்திரத்தில் ஒரு பரீட்சை எல்லாம் சேர்த்து 110 புள்ளி. முட்டி மோதினால் வாங்கியிருக்கலாம். மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இப்போது சங்ககிரி ரோட்டில் கிளினிக் போட்டிருக்கிறாள். என்னைவிட பிஸி.

போகிறவர்கள் கல்யாணம் ஆனவர்களாக இருந்தால் சம்பளக் கணக்கைப் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்கள். நான் பார்த்த வரையில் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே திரும்பிய குடும்பங்களில் பெரும்பாலும் காரணம் இந்தக் குடும்பக் கணக்குதான், ஆபீஸ் வேலை அல்ல.

நல்லதும் நிறைய இருந்தது. கிழக்குக் கோடியில் 2014-ல் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய ஹெல்த் சிட்டி ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த டாக்டர்களும் நர்சுகளும் நிறையப் பேர். அதில் கோபிக்காரப் பொண்ணு ஒருத்தி சந்தகை (நம்ம பக்கத்து இடியாப்பம்) பிழியும் அச்சைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பொங்கலுக்கு அவள் வீட்டில் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிட்டோம். அச்சு அழுத்த நாலு ஆம்பளைகள் வரிசையில் நின்றோம், எல்லோரும் ஆடிட்டர், வக்கீல். ஒருவருக்கும் தெம்பு இல்லை.

புயலைப் பற்றியும் கேட்பார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சீசன். 2004 ஐவன் புயலைத்தான் இன்றைக்கும் ஊரில் கி.மு., கி.பி. என்று பிரிக்கிற அளவுக்குப் பேசுவார்கள். நான் பார்த்தது 2024 ஜூலையில் வந்த பெரில். ஜன்னலுக்கு ஷட்டர் அடித்து, குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்து, மகளை உள்ரூமில் படுக்க வைத்து உட்கார்ந்திருந்தோம். கண் தெற்கே ஒதுங்கிப் போய்விட்டது. அன்றைக்கு முடிய வேண்டிய ஒரு கடன் பத்திரம் ஹாங்காங் ஆபீஸ் கையில் குறித்த தேதியில் முடிந்தது. புயலுக்குக் கூட தேதி தள்ளாத தொழில் அது.

இனி தம்பி தங்கைகளுக்கு. தமிழ்நாடு பார் கவுன்சில் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கூப்பிடமாட்டார்கள். இங்கிலாந்துத் தகுதி இருந்தால் வழி நேராக இருக்கும். நான் எழுதிய பழைய முறை போய், 2021-லிருந்து எஸ்.க்யூ.இ. என்ற புது சாலிசிட்டர் பரீட்சை வந்துவிட்டது. முதல் கட்டம் இரண்டு தாள், தாளுக்கு 180 கேள்வி, இந்தியாவிலேயே எழுதலாம். இரண்டாம் கட்டத்தில் வாய்மொழிப் பகுதிக்கு பிரிட்டனுக்குப் போக வேண்டும். பரீட்சையைவிட முக்கியம் அனுபவம். மும்பை, டெல்லி, சிங்கப்பூர் எங்காவது ஃபண்டு, பேங்கிங், திவால் இந்த மூன்றில் ஒன்றில் மூன்று நாலு வருஷம் உருப்படியாக வேலை பார்த்திருக்க வேண்டும். கோர்ட் வேலைதான் பிடிக்கும் என்றால் திவால் பக்கம் போங்கள். கிராண்ட் கோர்ட்டில் 2009 முதல் நிதி வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சீனக் கம்பெனிகள் பங்குச் சந்தையிலிருந்து விலகும்போது பங்கு விலை போதாது என்று அங்கத்திய கம்பெனிச் சட்டத்தின் 238-ஆம் பிரிவில் சண்டை போடுகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சம்பளத்துக்குச் சேரும் முன் இங்கே பார் கவுன்சிலுக்கு எழுதி ப்ராக்டீஸை நிறுத்தி வையுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். அதில்லாமல் போக லண்டனிலிருந்து பஹாமாஸின் நசாவில் நின்று போகும் விமானம் இருக்கிறது.

இந்திய வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வரி இல்லை என்பதாலேயே இங்கே ஒரு வலை இருக்கிறது. 2020-ல் வந்த மாற்றம்: இந்தியக் குடிமகன் வேறு எந்த நாட்டிலும் வரி கட்டும் கடப்பாடு இல்லாமல், வெளிநாட்டு வருமானம் போக இங்கே மட்டும் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வைத்திருந்தால், ஒரு நாள் கூட இந்தியாவில் இல்லாவிட்டாலும் இங்கே வசித்ததாகவே கணக்கு. ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற வகையில் வைப்பார்கள் என்பதால் அங்கத்திய சம்பளத்துக்கு அதனால் வரி வந்துவிடாது. இருந்தாலும் ஃபைல் திறந்துவிடும், கேள்வி வரும். அப்பா ஒரு சமயம் பள்ளிபாளையம் குடோன் வாடகை முழுவதையும் என் பேருக்கு மாற்றக் கிளம்பினார். ஆடிட்டரிடம் கேட்டு அம்மா பேருக்கு மாற்றினோம். திரும்பி வந்த பிறகு இரண்டு மூன்று வருஷம் அதே வகையில் இருக்க இடமுண்டு. அது முடிந்ததும் அங்கே விட்டுவந்த பென்ஷன் கணக்கு உட்பட எல்லாவற்றையும் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரலாம். அப்போது ஒரம்பரை சொன்னது உண்மையாகிவிடும்.

என் ஒரு வருஷம் முடிந்ததும் திரும்பிப் போவேனா என்று கேட்கிறார்கள். இதே மாதிரி இன்னொரு தீவான கெர்ன்சியிலிருந்து ஒரு ஏஜென்ட் மெயில் போட்டிருக்கிறார். மனைவியிடம் இன்னும் காட்டவில்லை.

மற்ற சந்தேகங்களை எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறேன். எஸ்.க்யூ.இ. கட்டணம் கட்டக் கடன் வேண்டுமென்றால் அப்பாவைப் பாருங்கள். ஜாமீன்தாரரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், வட்டி உண்டு.